நான் இருந்தது விரதம் இல்லை

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். மூங்கில் கழியைப் பிடித்துப் பழகிய விரல்களில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. ஒற்றெழுத்துகள் விட்டுப்போயிருக்கும். எந்த ‘ர’ எங்கே வரவேண்டும் என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம்தான். படிப்பவர்கள் பெரிய மனது பண்ணித் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. கல்யாண வீட்டில்கூடப் பந்தலின் கடைசிக் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பவன். பேச வந்திருந்தால் அன்றைக்கே பேசித் தீர்த்திருப்பேன், இத்தனை வருஷம் வயிற்றில் வைத்துக்கொண்டு எரிந்திருக்க மாட்டேன்.

எங்கள் தோட்டம் கோலசிலாங்கூர்ப் பக்கம், அசாம் ஜாவா என்கிற ஊரிலிருந்து உள்ளே போகிற செம்மண் சடக்கில் இருக்கிறது. ரப்பர் பால் எடுத்த கித்தா மரங்களை அழித்து எண்ணெய்ச் செம்பனை போட்டபின் நான் பழக்குலை வெட்டுக்குப் போனேன். மரம் சின்னதாக இருக்கும்வரை கஷ்டம் தெரியவில்லை. மரம் உயர உயர, அரிவாள் கட்டிய கழியும் நீண்டுகொண்டே போனது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுக் காட்டுக்குள் நுழைந்தால், வேலை முடியும்வரை அண்ணாந்து பார்த்தபடியே நிற்க வேண்டும். சில வருஷத்தில் என் கழுத்து மேலும் கீழும் மட்டும்தான் போகும் என்று ஆகிவிட்டது. எங்கள் வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்தில் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் உடம்பு முழுவதையும் திருப்பித்தான் பார்ப்பேன். என்னைத் திருப்புவதற்கு ஒரு முச்சந்தி வேண்டும் என்று என் மனைவி கேலி செய்வாள்.

இந்தக் கழுத்தை வைத்துக்கொண்டுதான் நான் தோட்டத்துக் காற்பந்துக் குழுவில் வலது பக்கத் தற்காப்பு ஆடினேன். குழுவில் பாதிப்பேர் குலை வெட்டுபவர்கள். எல்லாருக்கும் ஒரே வியாதி. முதல் பாதி முழுக்க நன்றாக ஓடுவோம். இரண்டாம் பாதியில், தொடைக்குப் பின்னால் இருக்கிற சதை கல்லாகிவிடும். ஒருவன் பின்னால் ஒருவன் திடலில் உட்காருவான். தோட்டங்களுக்கிடையே நடக்கிற கிண்ணப் போட்டியில் எங்கள் தோட்டம் ஒருமுறைகூட இறுதி ஆட்டத்துக்குப் போனதில்லை.

குழுவுக்குப் பொறுப்பு, தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி. படித்தவர், சட்டை மடிப்புக் கலையாத மனிதர். பயிற்சி என்றால் அவருக்கு ஒன்றுதான் தெரியும். எவனாவது வாந்தி எடுக்கும்வரை திடலைச் சுற்றி ஓடவிடுவார். சதை பிடித்தால் எண்ணெய் போட்டு உருவச் சொல்வார். அதற்கும் அடங்காவிட்டால், ராத்திரி கள்ளுக்கடையில் அதிகம் ஊற்றிக்கொண்டிருப்பாய் என்பார். ஒரு வருஷம் என்னைத் திடலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்போது எனக்கு வயது முப்பதைத் தாண்டி நன்றாகவே நடந்திருந்தது. அடுத்த வருஷமும் கால் பிடித்தால் உன்னைக் குழுவிலிருந்து எடுத்துவிடுவேன் என்று கிராணி எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்கு இருந்த ஆசை பெரிதில்லை. ஒரே ஒரு இறுதி ஆட்டம் ஆடிவிட வேண்டும், அவ்வளவுதான்.

யோகா என்ற சொல்லை எனக்குக் கொண்டுவந்தவள் என் மனைவி. கோலசிலாங்கூர் பட்டணத்தில் ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனவள், தையல் கடையின் மேல்மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதோ நடப்பதைப் பார்த்திருக்கிறாள்.

“மேல ஒரு அம்மா ஆளுங்கள துணி மாதிரி மடிச்சி மடிச்சி வெக்கிறாங்க. உங்க கழுத்தையும் ஒருவாட்டி காட்டிட்டு வருவோம்” என்றாள்.

அடுத்த ஞாயிறு அந்தப் படிக்கட்டின் கீழ்ப்படியில் நான் நின்றுகொண்டே இருந்தேன். மேலே கடைக்கார வீட்டுப் பெண்கள், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், ஆபீசில் வேலை பார்ப்பவர்கள். என் காலில் குலை முள் கிழித்த தழும்புகள். என் மனைவி முதுகில் கை வைத்துத் தள்ளியபடியே என்னை மேலே ஏற்றினாள்.

சொல்லிக்கொடுத்தவர் என்னைவிட இளையவர். ஏதோ ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. எல்லாரும் டீச்சர் என்று கூப்பிட்டார்கள். கால்களை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியச் சொன்னார். என் கை முழங்காலைத் தாண்டவில்லை. பக்கத்தில் இருந்த பருத்த அம்மாள் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது. டீச்சர் வந்து என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். கழியை எப்படிப் பிடிப்பேன் என்று நின்று காட்டச் சொன்னார். காட்டினேன். என் தோளையும் இடுப்பையும் தள்ளி நின்று பார்த்தார்.

“அண்ணே, உங்க ஒடம்பு ஒரு வேலைய மட்டும் நல்லா கத்துக்கிச்சி. மத்ததெல்லாம் மறந்துபோச்சி. மெதுவா ஞாபகப்படுத்துவோம்.”

பந்து விளையாடுவேன் என்பதையும் எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. பள்ளியில் அவரும் ஓட்டக்காரியாம். ஒரு போட்டிக்கு முன்னால் தொடைச் சதை கிழிந்து, ஓட்டமே முடிந்தது என்று இருந்தவர், இதைச் செய்துதான் திரும்ப ஓடினாராம். ஓடுகிற கால் இழுத்துக்கொண்டே இருந்தால் அறுந்துபோகும், விட்டுக்கொடுக்கவும் அதற்குத் தெரியவேண்டும் என்றார். மூச்சு முட்டும்போது வாயைத் திறந்து காற்றை அள்ளாமல், வெளியே விடுகிற மூச்சை நீட்டச் சொன்னார். காலையில், வெறும் வயிற்றில், குளித்துவிட்டுச் செய்யுங்கள் என்றார். கடைசியில் அசையாமல் கண்ணை மூடிப் படுப்பதையும் விடக்கூடாது என்றார்.

அப்படியே செய்தேன். பெரட்டுக்கு முன்னால் எழுந்து குளித்து, வீட்டின் பின்பக்கம் பாயை விரித்துக் குனிவேன், குப்புறப் படுத்து நெஞ்சை மட்டும் தூக்குவேன், சம்மணம் போட்டு உட்கார்ந்து மூச்சை நீட்டுவேன். கள் குடித்த மறுநாள் ஒற்றைக்காலில் நிற்க முடியவில்லை, அதனால் கள்ளை நானாக விட்டேன். ராத்திரிச் சாப்பாட்டையும் குறைத்தேன்.

உடம்பு உடனே வசப்படவில்லை. கொஞ்ச நாள் எல்லா இடமும் வலித்தது. பிறகு ஒருநாள் காட்டில் யாரோ பின்னாலிருந்து கூப்பிட, நான் கழுத்தை மட்டும் திருப்பி ‘என்ன’ என்று கேட்டேன். கேட்டபிறகுதான் எனக்கே தெரிந்தது.

அந்த வருஷப் போட்டி தொடங்கியது. முதல் ஆட்டத்தின் இரண்டாம் பாதியில், கால் பிடிக்கிற வழக்கமான நேரம் வந்ததும் பயந்துகொண்டே ஓடினேன். வரவில்லை. ஆட்டம் முடிந்தது, அப்போதும் வரவில்லை. என் பக்கத்தில் ஓடுகிற எதிராளி முதுகுக்குப் பின்னால் நழுவினால், பழைய நாளில் பந்து என்னைக் கடந்தபிறகுதான் அவன் இருக்கிற இடமே எனக்குத் தெரியும். இப்போது தலையைத் திருப்பி அவனைப் பார்க்க முடிந்தது. கோபம் வந்தால் முழங்காலுக்குக் கீழே உதைத்துவிடுகிற கெட்ட பழக்கம் எனக்கு இருந்தது. மூச்சை நீட்டி விட்டதும் அந்தக் கோபம் பாதியாகக் குறைந்தது. இதனால் நான் பெரிய ஆட்டக்காரன் ஆகிவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. பந்தை நேராகத் தட்டத் தெரியாதவன் அப்போதும் தட்டத் தெரியாதவன்தான். ஆனால் என்னிடம் இருந்த கொஞ்ச ஆட்டத்தைக் கடைசி விசில்வரை ஆட முடிந்தது. உடம்பை வைத்து விளையாடுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதைக் கிராணியிடம் சொன்னேன். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, ஆட்டம் முடிந்ததும் அவர் பக்கத்தில் போய், இப்படி ஒரு பயிற்சி இருக்கிறது ஐயா, எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கலாம், டீச்சர் ஒருநாள் வரத் தயாராக இருக்கிறார் என்றேன். அவர் ‘ம்’ என்றார். பிறகு மற்றவர்களிடம் திரும்பி, தான் கிள்ளானிலிருந்து வாங்கி வந்த புது எண்ணெய் எப்படி வேலை செய்கிறது பார்த்தீர்களா என்றார்.

இதற்கிடையில் லயத்தில் வேறு கதை முளைத்துவிட்டது. எங்கள் மாரியம்மன் கோயிலில் தீமிதித் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்களுக்கு, ஒருவன் விடியுமுன் குளிக்கிறான், கள்ளைத் தொடவில்லை, குறைத்துச் சாப்பிடுகிறான், கண்ணை மூடி உட்காருகிறான் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காமலே முடிவு செய்துவிட்டார்கள். பெரட்டில் சிலர் என்னைச் ‘சாமி’ என்று கூப்பிட்டு வழிவிட்டார்கள். விரதக்காரன் வீட்டில் கருவாட்டு வாசம் வரலாமா என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் என் மனைவியைக் கண்டித்தார்கள். அவள் வீட்டுக்குள் வந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்கிற விஷயம் என்று நினைத்தோம்.

அரையிறுதியில் ஜெயித்தோம். தோட்டத்தில் முதல்தடவையாக இறுதி ஆட்டம். அந்த வாரம் ஒரு சாயங்காலம், காட்டில் எங்களை வேலை வாங்குகிற மண்டோரும் கிராணியும் என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். மண்டோர்தான் கோயிலுக்கும் தலைவர். மஞ்சள் கட்டிய காப்புக் கயிற்றை ஒரு வெற்றிலையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

“நல்ல காரியந்தான் தம்பி, யாரும் கொற சொல்லல” என்று நயமாகத்தான் ஆரம்பித்தார். “ஆனா விரதத்துல இருக்கறவன் மாட்டுத்தோல கால்ல மாட்டிக்கிட்டு, மாட்டுத்தோல நெத்தியால முட்டிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கு? நாளைக்குக் குழியில எறங்குற புள்ளைங்களுக்கு ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது? காப்பக் கட்டிக்க. பந்த விட்டுடு.”

“விரதம் இல்லண்ணே” என்றேன். “ஒடம்புக்காகப் பண்றது. பந்துக்காகத்தான்.”

கிராணி சிரித்தார். “ஒக்காந்துகிட்டு மூச்சு விட்டா பந்து வருமா லா? அப்படின்னா ஆபீஸ் பூனைய எறக்கிடலாமே, நாள் முழுக்க அதத்தான் பண்ணுது.”

மண்டோருக்கு என் பேச்சு காதில் ஏறவே இல்லை. சாமி காரியத்தை வெளியே சொல்லக்கூடாது என்று நான் மறைப்பதாக எடுத்துக்கொண்டார். எவ்வளவு மறுத்தேனோ அவ்வளவு பெரிய விரதமாக அது அவருக்குத் தெரிந்தது. நான் திக்கித் திணறுவதை உள்ளே இருந்து கேட்ட என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. ஒரு தட்டில் சோறும் பொரித்த கருவாடும் போட்டுக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

“விரதக்காரரு கருவாடு திம்பாரா மண்டோரண்ணே? நீங்களே பாருங்க.” என்னைப் பார்த்து, “சாப்பிடுங்க” என்றாள்.

நான் சாப்பிட்டேன். ஒரு துண்டைக் கடித்து மென்று விழுங்கினேன். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படி நிரூபிக்க முடியும் என்று நினைத்துக்கொண்டே விழுங்கினேன்.

மண்டோர் கையிலிருந்த வெற்றிலையைச் சட்டென்று மூடிக்கொண்டார். அவர் இரண்டடி பின்னால் போனார்.

“பொம்பள பேச்சக் கேட்டு விரதத்த முறிச்சிட்டியேடா” என்றார்.

“இல்லாத விரதத்த எப்படிண்ணே முறிக்கிறது?” என்று என் மனைவி கேட்டாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. காப்புக் கயிற்றைத் துண்டில் முடிந்துகொண்டு, வாய்க்குள் அம்மன் பேரைச் சொல்லியபடி நடந்துவிட்டார். அவர் லயத்தின் கடைசி வீட்டைத் தாண்டும் முன்பே விஷயமும் தாண்டிவிட்டது. விரதம் இருந்தவன் திருவிழாவுக்கு முன்னால் கருவாடு தின்றுவிட்டான். சற்று முன்புவரை பந்தை விட்டால் போதும் என்று இருந்த நான், இப்போது தீட்டுப்பட்டவன்.

மண்டோர்மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. அவர் நம்பினார், நம்பியதைச் சொன்னார். அம்மன்மேலும் எனக்குக் குறை இல்லை, பால்குடம் எடுத்தவன்தான் நான். என் கோபமெல்லாம் கிராணிமேல். அவர் போகாமல் அங்கேயே நின்று தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, நீங்களுமா இத நம்புறீங்க?” என்று கேட்டேன்.

“நான் நம்புறனா இல்லியாங்கறது பேச்சில்ல. ஒன்ன எறக்குனா மத்தவனுங்க எறங்க மாட்டானுங்க. எனக்கு ஆட்டம் முக்கியம்.”

ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். இது உடற்பயிற்சி, இந்த ஆள் என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறான் என்று அவர் சொல்லியிருந்தால் தோட்டம் கேட்டிருக்கும். படித்தவர் வாய்க்கு அங்கே மரியாதை இருந்தது. அவர் அந்த வாயைத் திறக்கவில்லை. பூனைக் கதை சொல்ல மட்டும் திறந்தார்.

இறுதி ஆட்டம் கோலசிலாங்கூர்த் திடலில் நடந்தது. குழு போன லோரியில் எனக்கு இடம் இல்லை. நானும் என் மனைவியும் பஸ்ஸில் போய் ஓரத்தில் நின்றோம். அங்கேயும் ஒருவன் எங்களைப் பார்த்துவிட்டு, கருவாட்டுச் சாமி வந்திருக்கு, தள்ளி நில்லுங்கடா என்றான். பக்கத்தில் நின்றவர்கள் உண்மையாகவே தள்ளி நின்றார்கள். என் இடத்தில் இறங்கியவன் என்னைவிட வேகமானவன், நல்ல பையன், அவனும் குலை வெட்டுபவன். முதல் பாதியில் அவனைத் தாண்டி ஒன்றும் போகவில்லை. இரண்டாம் பாதியில் அவன் கை மெல்லத் தொடைக்குப் பின்னால் போனதை நான் பார்த்தேன். திடலில் வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. கிராணி எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். உருவினார்கள். அவன் நொண்டியபடி எழுந்து நின்றான். அடுத்து வந்த பந்து அவன் பக்கமாகவே போனது. அவன் முதுகுக்குப் பின்னால் நழுவிய எதிராளியை அவன் பார்க்கவே இல்லை. அந்த ஒரே கோலில் தோற்றோம்.

தோற்றதற்குக் காரணம் அன்றைக்கே முடிவாகிவிட்டது. என் கருவாடு. பிறகு தீமிதி நடந்தது. குழியில் இறங்கியவர்கள் எல்லாரும் ஒரு கொப்புளம் இல்லாமல் கரையேறினார்கள். அப்படியானால் அம்மனுக்குக் கோபமே இல்லை போலிருக்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நல்லது நடந்தால் அவர்கள் விரதம், கெட்டது நடந்தால் என் கருவாடு. இது என்ன நியாயம் என்று நான் யாரைக் கேட்பது?

அடுத்த வருஷம் கிராணி எனக்கு வயதாகிவிட்டது என்று சொல்லிவிட்டார். கால் பிடிக்கவில்லையே ஐயா என்றேன். அவர் பட்டியலில் என் பேர் இல்லை. நான் ஆடியது அதோடு முடிந்தது.

இத்தனை காலம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன வாரம் நடந்ததுதான் காரணம். ரவாங்கிலிருந்து ஒரு படித்த இளைஞர் எங்கள் பையன்களுக்குப் பயிற்றுநராக வருகிறார். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் அவர்களை உட்காரவைத்துக் குனியச் சொல்கிறார், மூச்சை நீட்டி விடச் சொல்கிறார், கடைசியில் புல்லில் அசையாமல் படுக்கவைக்கிறார். பையன்கள் நன்றாக ஆடுகிறார்கள். இப்போது யாரும் விரதம் என்று சொல்வதில்லை, ஏனென்றால் அவர் கழுத்தில் விசில் தொங்குகிறது. பையன்களைப் பாராட்ட மண்டபத்தில் ஒரு கூட்டம். கிராணி ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

“நம்ம காலத்துல இதெல்லாம் சொல்லிக்குடுக்க ஆளில்லாமப் போச்சி. சொல்லியிருந்தா அந்தக் கிண்ணம் நம்ம கிண்ணந்தான்.”

எனக்கு உடம்பு முழுக்கச் சூடு ஏறியது. நான் எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. எழுந்து நின்றிருந்தேன்.

“நான் சொன்னனே ஐயா” என்றேன்.

அவர் யார் என்று பார்த்தார். சிரித்தார். “ஆமாமா, நம்ம கருவாட்டுச் சாமி சொன்னாரு” என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னார். மண்டபம் சிரித்தது. அந்தக் கதை என்னவென்றே தெரியாத பையன்களும் சேர்ந்து சிரித்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி எழுந்து வெளியே நடந்தாள். நானும் பின்னால் போனேன். வீட்டுக்கு வந்ததும் அவள் மகளின் பள்ளித் தாள்களில் கொஞ்சம் எடுத்து மேசையில் வைத்து, “பேச வரலன்னா எழுதுங்க” என்றாள்.

எழுதிவிட்டேன். இதை அந்தப் பையன்களிடம்தான் கொடுக்கப்போகிறேன். கிராணிக்கு வேண்டுமானால் அவர்களிடம் வாங்கிப் படித்துக்கொள்ளட்டும். தம்பிகளே, நீங்கள் செய்கிற பயிற்சி நல்ல பயிற்சி, விடாதீர்கள். ஆனால் அந்தக் காலத்தில் சொல்ல ஆள் இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சொல்ல ஆள் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. என்னை இறக்கியிருந்தால் ஜெயித்திருப்போம் என்று நான் சொல்லமாட்டேன், அது யாருக்கும் தெரியாது. நான் சொல்வது இவ்வளவுதான். நான் விரதம் இருக்கவில்லை, அதனால் எதையும் முறிக்கவும் இல்லை. அந்த இறுதி ஆட்டம் நடந்த அன்று என் கால் நன்றாக இருந்தது. அந்தக் காலோடு என்னை ஓரத்தில் நிற்க வைத்தார்கள்.

1989 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை.